பல் காட்டும் நோய்

"பல் போனால் சொல் போயிற்று" என்பது நம் முதியோர் வழக்கு. ஆலங்குச்சியும் வேப்பங்குச்சியும் ஒடித்துப் பல் துலக்கிய ஊர்களிலிருந்து வந்தவர்கள் நாம். நெல்லைச் சீமையை விட்டு இரயிலேறி வந்து, தாராவியின் தோல் பதனிடும் கூடங்களிலும், பஞ்சாலைகளிலும், மாட்டுங்கா இரயில்வே பணிமனையிலும் உழைத்து, லேபர் கேம்ப்பில் குடியமர்ந்த நம் பெரியோரின் மூட்டையில் பல்பொடிப் பொட்டலமும் ஒன்று இருந்திருக்கும். ஆகவே பல்லைப் பற்றி நமக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. ஆயினும் நாள்தோறும் நாம் துலக்கும் அதே பல்லில், நாம் கருதியும் பாராத ஒரு நோயின் அடையாளம் தோன்றக்கூடும் என்பதை இவ்விதழின் அன்பர்களுக்கு, சிறப்பாகத் தாய்மார்களுக்கு, எடுத்துரைக்க விரும்புகிறோம். உண்பதிலே உண்டாகும் நோய் அது. உள்ளத்தில் தொடங்கி, உணவில் புகுந்து, பல்லிலே வெளிப்படுகிறது.

மெட்ரிகுலேஷன் தேறி இரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்க்கும் நாம் மருத்துவர் அல்லோம். மருத்துவர்கள் சொல்லக் கேட்டதையும், எங்கள் இல்லத்தில் கண்டதையுமே இங்கு எழுதுகிறோம். இரயில்வேயில் பணிபுரிவோர்க்கு ஓர் உண்மை நன்கு தெரியும். தாதர் நிலையத்தில் வண்டி தாமதித்து வந்தால், பழுது தாதரில்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. கல்யாணுக்கு அப்பால் எங்கேயோ ஒரு சமிக்ஞை பழுதுபட்டிருக்கும். பல்லின் செய்தியும் சில வேளைகளில் அத்தகையதே.

எங்கள் தமக்கையின் மகளுக்கு அப்போது வயது பத்தொன்பது. அவள் பெயரை இங்கே எழுதவில்லை. "பெயரை மட்டும் விட்டுவிடுங்கள் மாமா, மற்றதை எழுதுங்கள். என்னைப் போல் இன்னொருத்தி இருந்தால் அவள் வீட்டார் படிக்கட்டும்" என்று அவளே இசைவு தந்த பிறகுதான் இதனை எழுதத் துணிந்தோம். தமக்கையார் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இட்லி அவித்துக் கொடுப்பவர். அவ்விட்லிகள் தூக்குகளில் ஏறி சயானுக்கும் மாட்டுங்காவுக்கும் மாகிமுக்கும் செல்கின்றன. அப்பெண்ணும் தாயுடன் எழுந்து மாவு ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கல்லூரிக்குச் செல்வாள். வகுப்பில் முதல் மூவருள் ஒருத்தி. அதிர்ந்து பேசாதவள்.

இரண்டாண்டுகளுக்கு முன் அவளுக்குக் குளிர்ந்த நீர் பருகினால் பல் கூசத் தொடங்கியது. பிறகு சூடான தேநீருக்கும் கூசிற்று. சில மாதங்களில் மேல்வரிசை முன்பற்களின் விளிம்புகள் மெலிந்து, கண்ணாடித் துண்டுபோல் ஒளி ஊடுருவத் தோன்றின. ஒரு பல்லின் நுனி, முறுக்குக் கடிக்கையில் பொடிந்து விழுந்தது. அக்கம்பக்கத்தார் அன்போடு பல வைத்தியங்கள் கூறினர். உப்பும் அடுப்புக்கரியும் சேர்த்துத் தேய்க்கச் சொன்னார் ஒருவர். கிராம்புத் தைலம் தடவச் சொன்னார் மற்றொருவர். இப்பக்கத்து வழக்கப்படி, வறுத்த புகையிலைத் தூளாகிய மிசேரியால் தேய்த்தால் கூச்சம் மரத்துவிடும் என்றும் ஓர் அம்மையார் சொன்னார். புகையிலை வாய்ப்புற்றுக்கு வழிகோலுவது என்பதை அறிந்திருந்தமையால் அதற்கு நாங்கள் இடம் கொடுக்கவில்லை. மாநகராட்சி மருத்துவமனை ஒன்றின் பல் பிரிவுக்கு அவளை அழைத்துச் சென்றோம்.

அங்கிருந்த மருத்துவர் இளம்பெண்மணி. சிறு கண்ணாடியைப் பற்களுக்குப் பின்னே பிடித்து நெடுநேரம் நோக்கினார். பின்னர் எங்களைப் பார்த்து, "பெரியவர்கள் சற்று வெளியே இருங்கள், இவரிடம் தனியே சில கேள்விகள் கேட்கவேண்டும்" என்றார். தாழ்வாரத்துப் பலகையில் அமர்ந்திருந்த தமக்கையார், "பல்லைப் பார்ப்பதற்கு இவ்வளவு நேரமா தம்பி?" என்று பலமுறை கேட்டுவிட்டார். அரைமணி கழிந்து அவள் சிவந்த கண்களோடு வெளியே வந்தாள். மருத்துவர் எங்களிடம் ஏதும் கூறவில்லை. வயதுவந்த பெண் சொன்னதை அவள் இசைவின்றி வெளியிடுவதில்லை என்பது அவர் கொண்ட நெறி. ஆனால், "வீட்டில் யாரேனும் ஒருவரிடம் சொல்லிவிடு, இதைத் தனியாகச் சுமக்காதே" என்று அவளிடம் கூறி அனுப்பியிருந்தார். மூன்றாம் நாள் இரவு, எங்கள் இல்லாளிடம், "அத்தை, உங்களிடம் ஒன்று சொல்லவேண்டும்" என்று தொடங்கி யாவற்றையும் சொன்னாள்.

ஊரில் நடந்த ஒரு திருமணத்தில், உறவினர் பலர் கூடியிருந்த பந்தியில், அவள் உடல் பருமனைக் குறித்து ஒருவர் நகைத்துப் பேசினாராம். பேசியவர் அப்போதே மறந்திருப்பார். கேட்டவள் மறக்கவில்லை. கைப்பேசியில் நாள்முழுதும் வந்து குவியும் மெல்லியலார் படங்களும் அச்சொல்லோடு சேர்ந்துகொண்டன. காலை உணவை விட்டாள். பின்னர் நண்பகல் உணவையும் விட்டாள். பட்டினி கிடந்த உடல் இரவில் பழிவாங்கிற்று. அடக்கமாட்டாத பசியில், ஒருவரும் அறியாமல் அளவின்றி உண்பாள். உண்டபின் வெட்கமும் அச்சமும் மேலிட, உண்டதை வெளியேற்றிவிடுவாள். மறுநாள் அதற்குத் தண்டனையாக மீண்டும் பட்டினி. இச்சக்கரம் ஒன்றரை ஆண்டுகள் சுழன்றிருக்கிறது.

ஏழு பேர் வாழும் பத்துக்குப் பன்னிரண்டடி அறையில் இதை எவ்வாறு மறைக்க முடிந்தது என்று வியப்பு எழலாம். லேபர் கேம்ப்பில் வாழ்வோர்க்கு விடை தெரியும். பொதுக் கழிப்பிடத்திற்குச் செல்பவர் வரிசையில் காத்து நின்று திரும்பக் கால்மணியும் ஆகும், அரைமணியும் ஆகும். எவரும் கணக்கெடுப்பதில்லை. வயிற்றுக் கோளாறு என்றால் அதற்குமேல் கேட்பவரும் இல்லை. நெருக்கடியான வீட்டில் இரகசியம் தங்காது என்பது பொதுக் கருத்து. நெருக்கடியிலேதான் ஒருவர் முகத்தை ஒருவர் நின்று பாராமல் போகிறோம் என்பது எங்கள் அனுபவம்.

வீட்டார் அறியாததைப் பல் எவ்வாறு காட்டிக்கொடுத்தது? மருத்துவர் பின்னர் எங்களுக்கு விளக்கியதைக் கூறுகிறோம். பல்லின் மேலுறையாகிய பற்சிப்பி, எனாமல் எனப்படுவது, மனித உடலிலுள்ள பொருள்களிலெல்லாம் கடினமானது. எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு தாது உப்புகளால் ஆனது. அத்தனை வலிமை வாய்ந்த அவ்வுறைக்கு ஒரு பகை உண்டு, அதுவே அமிலம். அமிலத்தை அளக்கும் பி.எச். என்னும் அளவுகோலில் 7 என்பது நடுநிலை. எண் குறையக் குறைய அமிலம் மிகும். சுமார் 5.5-க்குக் கீழே சென்றால் பற்சிப்பி கரையத் தொடங்கும். இரைப்பையில் சுரக்கும் அமிலமோ 1 முதல் 3 வரையிலான கடுமை வாய்ந்தது. உணவைச் செரிக்க இயற்கை வைத்த அந்நீர், நாள்தோறும் வாய்வழியே மேலேறி வந்தால் பல் என்னாகும்?

இரைப்பையிலிருந்து மேலெழும் அமிலம் முதலில் மோதுமிடம் மேல்வரிசை முன்பற்களின் உட்புறம். கீழ்ப்பற்களை நாக்கு ஓரளவு மூடிக் காக்கிறது. எனவே, புளிப்பான பானங்களால் தேயும் பல் பெரும்பாலும் வெளிப்புறத்தில் தேய, வாந்தியால் தேயும் பல் உட்புறத்தில் தேய்கிறது. அவ்விடம் மழுங்கி, வழவழப்பாகி, உள்ளிருக்கும் மஞ்சள் நிறப் பகுதி தெரியத் தொடங்கும். முன்பே சிமெண்டு அடைத்த பல்லாயின், சுற்றிலுமுள்ள பல் கரைந்துபோக, அடைப்பு மட்டும் திட்டுப்போல் உயர்ந்து நிற்கும். கண்ணாடியைப் பின்புறம் பிடித்துப் பார்க்கும் பல் மருத்துவரைத் தவிர வேறு எவர் கண்ணுக்கும் இது எளிதில் படாது. இந்நோயை முதலில் ஐயுறுபவர் பல நேரங்களில் பல் மருத்துவராக இருப்பதற்குக் காரணம் இதுவே.

கரைந்த பற்சிப்பி மீண்டும் முளைப்பதில்லை. அதனை ஆக்கிய நுண்ணறைகள், பல் ஈறைத் துளைத்து வெளிவந்ததுமே மறைந்துவிடுகின்றன. சற்றே மென்மையான பற்சிப்பியை உமிழ்நீர் தன்னிடமுள்ள சுண்ணச் சத்தால் மீண்டும் உறுதிப்படுத்தும் ஆற்றலுடையது; ஆனால் அழிந்துபோனதை அதனால் ஆக்க இயலாது. பட்டினியாலும் உடல்நீர் குறைவதாலும் அவ்வுமிழ்நீரும் வற்றுகிறது. பசியின் கொடுமையில் இனிப்பையும் மாப்பண்டங்களையும் மிகுதியாக உண்பதால் சொத்தையும் சேர்கிறது. சத்துக் குறைவால் கடைவாய் வெடிக்கும், நாக்கு புண்ணாகும், ஈறில் குருதி கசியும். உணவை ஒறுத்து நெடுங்காலம் மெலிந்தவர்களுக்கு எலும்பும் வலுவிழக்கும். இன்னும் ஒன்று கேளுங்கள். அடிக்கடி வாந்தி எடுப்போர்க்குக் காதுக்குக் கீழே, தாடையோரத்திலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகள் வீங்கலாம். முகம் உப்பியதுபோல் தோன்றும். நோயாளி கண்ணாடியில் அதைக் கண்டு, தான் மேலும் பருத்துவிட்டதாக எண்ணி இன்னும் பட்டினி கிடப்பார். நோய் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் விதம் இது.

இது மேனாட்டுச் செல்வர் வீட்டு நோய், நமக்கு எங்கிருந்து வந்தது என்று சிலர் கேட்கிறார்கள். மேனாட்டார் இதற்கு முதலில் பெயரிட்டனர் என்பது உண்மை. உணவை மறுத்து மெலியும் நோயை 1873-ஆம் ஆண்டிலேயே லண்டனில் வில்லியம் கல் என்பவரும், பாரிசில் லசேக் என்பவரும் விவரித்தனர். அது அனோரெக்சியா எனப்படுகிறது. மிகுதியாக உண்டு வெளியேற்றும் நோய்க்கு 1979-இல் லண்டன் மருத்துவர் ஜெரால்டு ரசல் புலிமியா என்று பெயரிட்டு விளக்கினார். 1995-ஆம் ஆண்டு நவம்பரில், இளவரசி டயானா தொலைக்காட்சிப் பேட்டியில், தாம் அந்நோயால் பல ஆண்டுகள் துன்புற்றதை வெளிப்படையாகச் சொன்னபோது உலகமே வியந்தது. ஆனால் அதே 1995-இல், நம் சென்னை மாநகரில், மருத்துவக் கல்லூரி மாணவர்களிடையே இத்தகைய உணவுத் துன்பம் இருப்பதை ஆராய்ந்த மனநல மருத்துவர்களின் கட்டுரை இந்திய மனநல மருத்துவ இதழில் வெளிவந்தது. இம்மும்பையில் வாழும் திரைப்பட நடிகை ரிச்சா சட்டா 2016-இல் பொதுமேடையில் நின்று, தமக்கும் புலிமியா இருந்ததைக் கூறினார். அரண்மனையிலும் வரும், கல்லூரி விடுதியிலும் வரும், லேபர் கேம்ப் அறையிலும் வரும். பெண்களுக்கு மிகுதி, ஆயினும் ஆண்பிள்ளைகளுக்கும் வருவதுண்டு.

செய்தி அறிந்தபோது எங்கள் இல்லத்தில் பெரும் புயலே எழுந்தது. எங்கள் அன்னையார்க்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது. கஞ்சியும் அரைவயிறுமாய் வளர்ந்து, மணமாகி இங்கு வந்தவர். "ஒரு பிடி சோற்றுக்காக ஊரை விட்டு வந்தோம், இவள் சோற்றைக் கொட்டுகிறாளா?" என்று அவர் கதறிய குரல் இன்னும் எங்கள் செவியில் இருக்கிறது. அச்சினத்தை எப்படிப் பழிப்பது? பசியைக் கண்டு அஞ்சி வளர்ந்த தலைமுறை அது. பேத்தியோ பாட்டியின் சொல்லுக்கு மறுமொழி கூறாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இரண்டு நாட்கள் அவ்வீட்டில் ஒருவரோடொருவர் பேசவில்லை.

மூன்றாம் நாள், மருத்துவர் கூறியவற்றை அன்னையார்க்கு மெல்ல எடுத்துரைத்தோம். இது கொழுப்பன்று, பிடிவாதமன்று. மனத்தால் நிறுத்த முயன்றும் நிறுத்த இயலாத நோய் என்று சொன்னோம். அவர் நெடுநேரம் வாளாவிருந்தார். பின்பு, நாங்கள் ஒருநாளும் கேட்டறியாத ஒன்றைச் சொன்னார். எங்கள் தமக்கையை வயிற்றில் சுமந்திருந்த காலத்தில், அடுப்புச் சாம்பலையும் சுவர் மண்ணையும் தின்னாமல் அவரால் இருக்க முடியவில்லையாம். மாமியார் கண்டு அடித்தாராம். அடிபட்ட மறுநாளும் ஒளிந்து தின்றாராம். "வேண்டாம் வேண்டாம் என்று மனம் சொல்லும், கை போய்விடும்" என்றார். வாயைத் திறந்து தம் கடைவாய்ப் பற்களையும் காட்டினார். மணலும் சாம்பலும் அரைத்து அரைத்து அவை தேய்ந்து தட்டையாகியிருந்தன. அன்றிரவு பேத்தியின் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டார். அவர்கள் என்ன பேசிக்கொண்டனரோ, நாங்கள் கேட்கவில்லை. அதுமுதல் மருத்துவமனைக்குப் பெண்ணுடன் தவறாமல் செல்பவர் அவரே.

அன்னையார் சொன்னதும் உண்பதில் உண்டாகும் ஒரு நோய்தான். பிக்கா என்று அதற்குப் பெயர். கண்டதைக் கவ்வும் மாக்பை என்னும் பறவையின் இலத்தீன் பெயரிலிருந்து வந்த சொல். சிலேட்டுக் குச்சி, பல்பம், பச்சரிசி, சாம்பல், திருநீறு, செங்கல் தூள், பனிக்கட்டி இவற்றை ஓயாமல் தின்னும் சிறுவரையும் கருவுற்ற பெண்களையும் நாம் எல்லோருமே கண்டிருக்கிறோம். "மசக்கை" என்றும் "பிள்ளைப் புத்தி" என்றும் சொல்லி விட்டுவிடுகிறோம். இரும்புச் சத்துக் குறைவோடு இது பெரிதும் தொடர்புடையது. 2019–21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் குருதிச்சோகை உடையவர்கள். மண்ணும் மணலும் பற்சிப்பியை அராவுகின்றன. பனிக்கட்டியும் கல்லும் பல்லை வெடிக்கச் செய்கின்றன. அடித்துத் திருத்த வேண்டாம். குருதியைச் சோதித்து, மருத்துவர் சொன்னபடி இரும்புச்சத்து கொடுத்தால், பலருக்கு அவ்வேட்கையே தணிந்துவிடுகிறது.

இனி எங்கள் பெண்ணின் பல்லுக்கு வருவோம். தனியார் மருத்துவர் ஒருவர், முன்பற்கள் அனைத்திற்கும் உடனே உறை போட்டுவிடலாம் என்று கூறி ஒரு தொகை சொன்னார். தமக்கையார் இட்லி விற்று இரண்டாண்டுகளில் சேர்த்த பணம் அது. எமக்குள்ள இரயில்வே மருத்துவ அட்டையில் தமக்கை மகளுக்கு இடமில்லை. ஊரிலிருந்து ஒரு சம்பந்தமும் அவ்வேளையில் வந்திருந்தது. "பல்லை மூடி, வாயையும் மூடிக்கொண்டு காரியத்தை முடியுங்கள்" என்று உறவினர் சிலர் அறிவுரை கூறினர். தமக்கையார் கையில் பணத்தை எண்ணி வைத்துக்கொண்டு கலங்கி நின்றார்.

மாநகராட்சி மருத்துவமனைப் பெண்மணியிடம் சென்று கேட்டோம். அவர் சொன்னார்: "அமிலம் வருவது நிற்காமல் உறை போட்டால், உறையின் விளிம்பைச் சுற்றியுள்ள பல் கரையும், உறையும் கழலும், பணமும் போகும்." நம் பகுதியில் ஆனி மாத மழைக்குமுன் கூரைத் தகரத்தின் ஓட்டையை அடைக்காமல் எவரேனும் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார்களா? நோயைக் கண்டு, அதன் காரணத்தைக் கண்டு, அதன்பின் தணிக்கும் வழியை நாடவேண்டும் என்பது வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் வகுத்துத் தந்த முறையன்றோ? தமக்கையார் பணத்தை மீண்டும் பெட்டியில் வைத்துப் பூட்டினார். "முதலில் பிள்ளை பிழைக்கட்டும், கல்யாணம் பிறகு" என்று ஊருக்கும் எழுதச் சொன்னார். பெண்ணைப் பெற்ற ஒரு தாய்க்கு அச்சொல் எளிதாக வந்திராது.

தற்காலிகமாக, மெலிந்த பற்களின்மேல் பல் நிறமுள்ள பூச்சு இட்டு, ஃபுளோரைடு மருந்தும் தடவினர். மனநலப் பிரிவில் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை பேச்சு மருத்துவம் நடந்தது. மூன்று வேளையும் தவறாமல் சிறிது சிறிதாக உண்ணவேண்டும் என்பதே அவர்கள் இட்ட முதல் கட்டளை. பட்டினி நின்றால்தான் இரவின் வெறிப்பசி நிற்கும் என்று விளக்கினர். இரண்டாண்டுகள் ஆகின்றன. முற்றும் நீங்கிற்று என்று சொல்லமாட்டோம். தேர்வுக் காலத்தில் ஒருமுறையும், விருந்து நிறைந்த பொங்கல் நாளில் ஒருமுறையும் பழைய துன்பம் தலைகாட்டியது. அப்போது அவள் மறைக்கவில்லை. பாட்டியிடம் வந்து சொன்னாள். நாங்கள் கண்ட பெரிய முன்னேற்றம் அதுதான்.

இந்த அனுபவத்திலிருந்து அன்பர்களுக்குச் சில வேண்டுகோள்கள். முதலாவது, பல்லின் உட்புறம் தேய்ந்த எல்லோரையும் ஐயுறாதீர்கள். நெஞ்செரிவோடு அமிலம் மேலேறும் நோயுள்ளவர்க்கும், கருவுற்ற காலத்தில் மிகுதியாக வாந்தி எடுத்தவர்க்கும், மதுவுக்கு அடிமையானவர்க்கும் அவ்வாறே தேயும். காரணத்தைப் பிரித்தறிவது மருத்துவர் வேலை. உண்டவுடன் அடிக்கடி வெளியே செல்வதும், பிறரோடு அமர்ந்து உண்பதைத் தவிர்ப்பதும், பல் கூச்சமும், தாடையோர வீக்கமும், எப்போதும் உடலின் பருமனைப் பற்றியே கவலைப்படுவதும் ஒருசேரத் தோன்றினால், தனியே அழைத்து, அன்பாகக் கேளுங்கள். பந்தியில் வைத்துக் கேட்க வேண்டாம்.

இரண்டாவது, எக்காரணத்தால் வாந்தி எடுத்தாலும் உடனே பல் துலக்கக்கூடாது. நம்மில் பெரும்பாலோர் நாற்றம் நீங்க அப்படித்தான் செய்கிறோம். அமிலத்தில் ஊறி மென்மையாகிவிட்ட பற்சிப்பியைத் தூரிகை சுரண்டி எடுத்துவிடும். வெறும் நீரால் நன்கு கொப்பளிக்கலாம். ஒரு குவளை நீரில் சிறிது ஆப்ப சோடாவைக் கரைத்துக் கொப்பளித்தால் அமிலம் தணியும். ஒரு மணி நேரம் கழித்து, மென்மையான தூரிகையும் ஃபுளோரைடு கலந்த பற்பசையும் கொண்டு துலக்கலாம். கரி, உப்பு, செங்கல் தூள், சாம்பல், மிசேரி ஆகியவற்றை அறவே விலக்குக.

மூன்றாவது, காலம் தாழ்த்தாதீர்கள். அடிக்கடி வாந்தி எடுப்பதால் குருதியில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறக்கூடும். உயிருக்கும் ஆபத்து உண்டு. மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, வாந்தியில் குருதி ஆகியவை கண்டால் அப்பொழுதே மருத்துவமனைக்குச் செல்க. நமக்கு அருகிலுள்ள சயான் மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. பல்லுக்கென்றே மும்பை சென்ட்ரலில் நாயர் பல் மருத்துவக் கல்லூரியும், சத்ரபதி சிவாஜி நிலையத்தருகே அரசினர் பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. வெளியே சொல்லத் தயங்குவோர் 14416 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசலாம். 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் இந்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் இம்மனநல உதவிக்குக் கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

நான்காவதாகச் சொல்வது நாவைப் பற்றியது. "இளைத்துவிட்டாயே", "பருத்துவிட்டாயே" என்பவை நம் வீடுகளில் நலம் விசாரிக்கும் சொற்களாகவே வழங்குகின்றன. ஊரிலிருந்து வருபவர் பையை இறக்கி வைக்குமுன்னே அதைத்தான் சொல்கிறார். பெண் பார்க்க வருபவர் சொல்கிறார். உடன்பிறந்தோர் கேலியாகச் சொல்கின்றனர். வளரும் பிள்ளைகளின் உள்ளத்தில் அது எவ்வளவு ஆழமாகத் தைக்கும் என்பதை நாங்கள் கண்கூடாகக் கண்டுவிட்டோம். எங்கள் இல்லத்தில் இப்போது உண்ணுமிடத்தில் உடலைப் பற்றிய பேச்சு இல்லை. விருந்தினர் எவரேனும் தொடங்கினாலும் எங்கள் அன்னையார், "சாப்பிடும்போது வேறு பேசுங்கள்" என்று நிறுத்திவிடுகிறார்.

நம் சங்கத்தின் மாதர் கூட்டத்திற்கு ஒரு ஞாயிறு மாலை பல் மருத்துவர் ஒருவரையும் மனநல மருத்துவர் ஒருவரையும் அழைத்துவந்து, தமிழில் கேள்வி கேட்க வாய்ப்பளிக்குமாறு நிர்வாகிகளை வேண்டிக்கொள்கிறோம். தாய்மார்கள் தம் பெண்மக்களையும் ஆண்மக்களையும் உடன் அழைத்துவர வேண்டும். அன்று நாற்காலி எடுத்துப் போடுவதும், தேநீர் வழங்குவதும் எங்கள் குடும்பத்தின் பொறுப்பு. தமக்கையார் இட்லி தருவதாகச் சொல்லியிருக்கிறார்.